மங்கலுக்கும் ஒரு வடிவம் உண்டு

மாலை மயங்கும் நேரம். தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. வாசலில் நிற்கும் ஒரு குழந்தையைக் காமிராவில் படம் பிடிக்கிறோம். குழந்தையின் முகம், இமை மயிரைக்கூட எண்ணிவிடலாம் என்னும்படி துல்லியமாக விழுகிறது. தொலைவில் எரியும் தெருவிளக்குகளோ மங்கி, பெரிய பெரிய ஒளி வட்டங்களாகி, முகத்தைச் சுற்றி மிதக்கின்றன. அழகான படம்தான்.

அடுத்த படத்துக்கு லென்சின் துளையைச் சற்றே குறைக்கிறோம். வேறு எதையும் மாற்றவில்லை. இப்போது வட்டங்களைக் காணோம்! ஒவ்வொரு விளக்கும் ஐந்து மூலைகள் கொண்ட ஓர் ஐங்கோணமாகக் காட்சி தருகிறது. தெருவில் ஐங்கோண விளக்கு ஒன்றுகூட இல்லை. பின், இந்த மூலைகள் எங்கிருந்து வந்தன?

இந்த வினாவுக்கு விடை தெரிந்துகொள்வதில் ஒரு பயனும் உண்டு. "இந்த லென்சில் ஒன்பது இதழ்கள்; பின்னணி வெண்ணெய்போல் இருக்கும்" என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு லென்ஸ் விற்கிறார்கள். இதழ்களின் எண்ணிக்கைக்கு அவ்வளவு விலை தகுமா? ஒளி செல்லும் வழியை அறிந்தவர் இதைத் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கூம்பை வெட்டிப் பார்ப்போம்

தொலைவிலுள்ள விளக்கை ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து வரும் ஒளி லென்சின் துளை முழுவதிலும் விழுகிறது. லென்ஸ் அந்த ஒளியை வளைத்து மீண்டும் ஒரே புள்ளியில் கூட்டுகிறது. ஆகவே, லென்சுக்குப் பின்னால் ஒளி ஒரு கூம்பாகச் செல்கிறது. வேர்க்கடலை மடித்துத் தரும் காகிதக் கூம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அகன்ற வாய்தான் லென்சின் துளை. கூர்முனைதான் விளக்கின் பிம்பம்.

ஃபிலிமோ, இன்றைய காமிராக்களில் அதன் இடத்தில் இருக்கும் ஒளி உணர்வியோ, சரியாக அந்தக் கூர்முனையில் இருந்தால் விளக்கு புள்ளியாகவே பதியும். ஆனால், நாம் குழந்தையின் முகம் தெளிவாகத் தெரியும்படி அல்லவா லென்சைத் திருகி வைத்திருக்கிறோம்? அதனால் தொலைவிலுள்ள விளக்கின் ஒளிக் கூம்பு, உணர்வியை அடையும் முன்பே கூர்ந்து முடிந்துவிடுகிறது. முனையைக் கடந்த கதிர்கள் மறுபடியும் விரிந்துகொண்டே போய் உணர்வியில் விழுகின்றன. புள்ளியாக விழ வேண்டிய ஒளி ஒரு பரப்பாக விழுகிறது. இதுவே மங்கல்.

அந்தப் பரப்புக்கு என்ன வடிவம்? கடலைக் கூம்பை எங்கே குறுக்காக வெட்டினாலும் வட்டமே கிடைக்கும். ஏனெனில் அதன் வாய் வட்டம். எகிப்தியப் பிரமிடை எங்கே கிடையாக வெட்டினாலும் சதுரமே கிடைக்கும்; ஏனெனில் அதன் அடி சதுரம். அதுபோலவே, லென்சின் துளை வட்டமாக இருந்தால் மங்கிய விளக்கு வட்டமாகத் தெரியும். துளை ஐங்கோணமாக இருந்தால் ஐங்கோணமாகத் தெரியும். படத்தில் நாம் கண்டது விளக்கின் வடிவம் அன்று. அது லென்சின் துளை தன்னைத்தானே பிடித்துக்கொண்ட படம்!

விளக்குகளுக்கு மட்டுமல்ல, பின்னணி முழுவதற்கும் இது பொருந்தும். இலை, கிளை, சுவர் என எல்லாமே புள்ளிகளின் கூட்டம்தான். ஒவ்வொரு புள்ளியும் துளையின் வடிவத்தில் ஒரு ரப்பர் முத்திரையைப் பதிக்கிறது. எண்ணற்ற முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் தனித்தனியே தெரிவதில்லை. சுற்றிலும் இருள் இருக்க, நடுவே ஒரு விளக்கு மட்டும் எரியும்போது முத்திரையின் வடிவம் வெளிப்பட்டுவிடுகிறது.

இவ்வாறு மங்கும் பகுதியின் தன்மையைப் புகைப்படக்காரர்கள் 'பொக்கே' என்பர். மங்கல் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல் இது. 1997-இல் ஓர் அமெரிக்கப் புகைப்பட இதழ் இதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவியது.

பத்து ரூபாய் நாணயக் கணக்கு

முத்திரையின் வடிவத்தைக் கண்டோம். அதன் அளவு என்ன? இதற்கு ஓர் எளிய விதி இருக்கிறது. வெகு தொலைவிலுள்ள ஒரு விளக்கின் மங்கிய வட்டம், நாம் தெளிவாகப் படமெடுக்கும் பொருளின் அருகே லென்சின் துளையையே கொண்டுபோய் வைத்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவு பெரிதாகத் தெரியும்.

எடுத்துக்காட்டாக, பலரிடமும் உள்ள 50 மி.மீ. குவியத் தூர லென்சை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் 1.8 என்று ஓர் எண் பொறித்திருக்கும். இதனை எஃப் எண் என்பர். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28 மி.மீ. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. ஆகவே, குழந்தையின் கன்னத்தருகே ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பிடித்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, பின்னணியிலுள்ள ஒவ்வொரு விளக்கும் படத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரியும். குழந்தை ஒரு மீட்டர் தூரத்தில் நின்றாலும் சரி, மூன்று மீட்டர் தூரத்தில் நின்றாலும் சரி, விதி மாறுவதில்லை.

எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். அதே லென்சில் எஃப் 2.8-இல் துளை 18 மி.மீ.; 5.6-இல் 9 மி.மீ.; 11-இல் 4.5 மி.மீ.; 16-இல் 3 மி.மீ. மங்கல் வட்டங்களும் அதே அளவில் சிறுத்துக்கொண்டே வரும். எஃப் எண் 2-க்கும் குறைவாக, பெரிய துளையுடன் இருக்கும் லென்சுகளைப் புகைப்படக்காரர்கள் 'வேகமான லென்சுகள்' என்பர். அவை அதிக ஒளியை உள்ளே விடுவதால், மிகக் குறைந்த நேரத்தில் படம் பதிந்துவிடும். அதனால் இந்தப் பெயர்.

இதழ்கள் எதற்கு?

பகல் வெளிச்சத்தில் ஒளியைக் குறைக்கவும், தெளிவு விழும் ஆழத்தைக் கூட்டவும் துளையைச் சுருக்க வேண்டியிருக்கிறது. பழைய காலத்தில் இதற்காக வெவ்வேறு அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளை லென்சுக்குள் செருகி எடுத்தார்கள். 1858-இல் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஹவுஸ் இந்த ஏற்பாட்டைச் செய்தார். அந்தத் தகடுகளில் துளை எப்போதும் முழு வட்டம்தான். ஆனால், ஒவ்வொரு முறையும் தகட்டை மாற்றுவது தொல்லை.

அந்தத் தொல்லையைத் தீர்த்தது ஐரிஸ் திரை. இதில் பிறை வடிவமான மெல்லிய இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இதழின் ஒரு முனை அசையாத வளையத்தில் ஊன்றியிருக்கும். மறுமுனை சுழலும் வளையத்தின் காடியில் நகரும். வளையத்தைத் திருகினால் எல்லா இதழ்களும் ஒரே சமயத்தில் உள்நோக்கி வந்து துளையைச் சுருக்கும். நம் கண்ணின் பாவையும் இவ்வாறே சுருங்குகிறது. ஆனால், அங்கே வேலை செய்வது வளையமான ஒரு தசை. ஆகையால் அது வட்டமாகவே சுருங்கும். இதழ்களுக்கோ விளிம்புகள் உண்டு. ஐந்து இதழ்களின் நேரான விளிம்புகள் சேர்ந்தால் ஐங்கோணம். ஆறு சேர்ந்தால் அறுகோணம்.

பலகோணம் வட்டத்தை எவ்வளவு நெருங்குகிறது என்பதை எளிதில் கணக்கிடலாம். துளையின் நடுவிலிருந்து மூலைக்கு உள்ள தூரம் 100 என்று கொண்டால், நடுவிலிருந்து பக்கத்துக்கு உள்ள தூரம் ஐங்கோணத்தில் 81, அறுகோணத்தில் 87, எட்டுப் பக்கங்களில் 92, ஒன்பதில் 94, பதினைந்தில் 98. முழு வட்டத்தில் இரண்டும் சமம். ஐந்திலிருந்து எட்டுக்குப் போனால் பெரும் பலன் கிடைக்கிறது. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனால் கிடைப்பது கொஞ்சமே என்பதைக் கவனியுங்கள்.

மூலைகள் தெரிவது மட்டுமன்று குறை. பின்னணியில் ஒரு மெல்லிய கிளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் திசைக்கு இணையாகத் துளையின் நேர்ப்பக்கம் அமைந்துவிட்டால், மங்கிய கிளையின் ஓரம் வெட்டினாற்போல் கடுமையாகத் தெரியும். வட்ட முத்திரையில் ஓரம் இன்னும் மென்மையாகக் கரையும். முகத்தின்மேல் நிற்க வேண்டிய பார்வை, இத்தகைய கடுமையான ஓரங்களால் பின்னணிக்கு இழுக்கப்பட்டுவிடுகிறது.

இடைப்பட்ட துளைகளில்தான் தொல்லை

இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். துளையை முழுதும் திறந்து வைத்தால் இதழ்கள் ஒளியின் பாதையைவிட்டு முற்றிலும் விலகிவிடும். அப்போது துளையாக நிற்பது லென்சைப் பிடித்திருக்கும் உருளையின் வட்ட விளிம்பே. இதழ்கள் ஐந்தோ பதினைந்தோ, நேரோ வளைவோ, படத்தில் எந்த வேறுபாடும் இராது. மறுபுறம், துளையை எஃப் 11, 16 என்று சுருக்கிவிட்டால் மங்கல் முத்திரை மிகச் சிறிதாகி, அதன் வடிவம் கண்ணில் படுவதில்லை. இதழ்களின் அமைப்பு மிகுதியாக வெளிப்படுவது இரண்டுக்கும் இடைப்பட்ட 2.8, 4, 5.6 போன்ற அளவுகளில்தான்.

"அப்படியானால் முழுதும் திறந்தே படமெடுக்கலாமே!" என்று நீங்கள் கேட்கலாம். முழுதும் திறந்த 50 மி.மீ., எஃப் 1.8 லென்சில், ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவு விழும் ஆழம் நாலு சென்டிமீட்டர் அளவே. கண் தெளிந்தால் காது மங்கிவிடும். அதனால்தான் முகங்களைப் படமெடுப்பவர்கள் துளையைச் சற்றுக் குறைக்கிறார்கள். குறைத்தவுடன் மூலைகள் எட்டிப் பார்க்கின்றன.

இதழ்கள் குறைந்த கதை

பழைய லென்சுகளில் இதழ்கள் ஏராளமாக இருந்தன. சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஜூப்பிட்டர்-9 என்னும் 85 மி.மீ., எஃப் 2 லென்சில் 15 இதழ்கள்! அதன் துளை எந்த அளவிலும் ஏறக்குறைய வட்டமாகவே இருக்கும். பின் வந்த பல லென்சுகளில் இதழ்கள் ஆறாகவும் ஐந்தாகவும் குறைந்தது ஏன்?

சிக்கனம் ஒரு காரணம். மற்றொன்று காமிராவின் வளர்ச்சி. லென்சின் வழியாகவே காட்சியைப் பார்க்கும் கண்ணாடிக் காமிராக்கள் பரவியபோது, பார்ப்பதற்குத் துளை முழுதும் திறந்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் அது குறித்த அளவுக்குச் சட்டெனச் சுருங்க வேண்டும். படம் பதிந்ததும் மீண்டும் திறந்துகொள்ள வேண்டும். 1959-இல் வெளிவந்த நிக்கான் எஃப் காமிரா இந்த முறையில் இயங்கிற்று. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடக்க வேண்டுமானால் இதழ்கள் இலேசாக இருக்க வேண்டும். அவற்றிடையே உராய்வு குறைவாக இருக்க வேண்டும். பதினைந்து இதழ்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு அவ்வளவு விரைவில் இயங்குவது கடினம். விரைவுக்காக வட்டம் விட்டுக்கொடுக்கப்பட்டது எனலாம்.

வளையல் துண்டுகள்

இதழ்களைக் கூட்டாமலே வட்டத்தை மீட்க ஒரு வழி கண்டார்கள். இதழின் விளிம்பை நேராக வெட்டாமல் வில்போல் வளைத்து வெட்டினார்கள். கெனான் நிறுவனத்தின் விலை குறைந்த 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் இதற்கு நல்ல சான்று. 1990-இல் வந்ததில் ஐந்து இதழ்கள். துளையைக் குறைத்தால் பளிச்சென்று ஐங்கோணம் தெரியும். 2015-இல் அதற்குப் பதிலாக வந்ததில் வளைந்த விளிம்புடைய ஏழு இதழ்கள். துளையை ஓரளவு குறைத்த பின்னும் விளக்குகள் வட்டத்தை ஒட்டியே நிற்கும்.

ஆனால், வளைவுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வளையல் ஏழு துண்டுகளாக உடைந்துவிட்டது என்று கொள்வோம். அந்தத் துண்டுகளைச் சேர்த்தால் பழைய அளவில் மட்டுமே முழு வட்டம் அமையும். அவற்றைக் கொண்டு சிறிய வட்டம் அமைக்க முயன்றால், துண்டுகளின் வளைவு போதாமல் மூலைகள் துருத்தும். பக்கங்கள் உப்பிய பலகோணம் கிடைக்கும். பெரிய வட்டம் அமைக்க முயன்றாலோ, வளைவு மிகுந்துபோய் விளிம்பு பூவிதழ்கள்போல் அலையலையாக அமையும். இதழின் வளைவு மாறாதது; துளையின் அளவோ மாறிக்கொண்டே இருப்பது. ஆகவே, வளைந்த இதழ்கள் ஏதாவது ஓர் அளவில் மட்டுமே சரியான வட்டத்தைத் தரும். அது எந்த அளவில் நிகழ வேண்டும் என்பதை லென்சை வடிவமைப்பவர் முன்கூட்டியே முடிவு செய்கிறார். வேகமான லென்சுகளில் முழுத் திறப்பை அடுத்த ஓரிரு அளவுகளிலேயே அதை அமைத்துவிடுவது வழக்கம்.

இதழின் வெட்டு வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மற்றொரு சோவியத் லென்ஸ் வேடிக்கையான சான்று. இண்டஸ்டார்-61 எல்/இஸட் என்னும் 50 மி.மீ., எஃப் 2.8 லென்சின் துளையை எஃப் 5.6 அளவில் வைத்தால் அது ஆறு முனை நட்சத்திரமாகிவிடும். பின்னணி விளக்குகள் எல்லாம் நட்சத்திரங்களாக மின்னும். அதற்காகவே அந்தப் பழைய லென்சைத் தேடிப் பிடிப்பவர்கள் இன்றும் உண்டு.

நேர் விளிம்புக்கும் ஒரு வேலை

நேரான விளிம்புகள் முற்றிலும் வேண்டாதவையும் அல்ல. துளையை நன்றாகச் சுருக்கி, தெளிவாகத் தெரியும் தெருவிளக்கைப் படமெடுத்தால் அதிலிருந்து கூர்மையான ஒளிக் கதிர்கள் கிளம்புவதைக் காணலாம். இது விளிம்பு விளைவால் நேர்வது. இதழின் ஒவ்வொரு நேர் விளிம்பும் தனக்குச் செங்குத்தாக, இரு பக்கமும், ஒளியைச் சிதறச் செய்கிறது. இதழ்கள் இரட்டைப்படையில் இருந்தால் எதிரெதிர் விளிம்புகள் இணையாக இருக்கும். அவற்றின் கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். எனவே, ஆறு இதழ்களுக்கு ஆறு கதிர்கள். ஒற்றைப்படையில் இருந்தால் ஒன்றும் மறைவதில்லை. எனவே, ஐந்து இதழ்களுக்குப் பத்துக் கதிர்கள், ஏழுக்குப் பதினான்கு, ஒன்பதுக்குப் பதினெட்டு.

விளிம்பை வளைத்தால் இந்த ஒளி ஒரே திசையில் கூடாமல் விசிறிபோல் விரிந்துபோகும், கதிர்கள் மழுங்கிவிடும். முகங்களைப் படமெடுப்பவருக்கு ஆதாயமானது, இரவு நேரக் கட்டடங்களைப் படமெடுப்பவருக்கு இழப்பாகிறது!

இதழ்களால் ஆகாதவை

துளை வட்டமாக இருந்தும் பின்னணி உறுத்துவது உண்டு. முழுதும் திறந்த வேகமான லென்சில் படத்தின் ஓரங்களைக் கவனியுங்கள். நடுவில் வட்டமாக இருக்கும் விளக்குகள் ஓரங்களில் பூனைக் கண்போல் ஒடுங்கியிருக்கும். சாய்வாக வரும் ஒளியை லென்ஸ் உருளையின் முன் விளிம்பும் பின் விளிம்பும் இரு பக்கமும் வெட்டிவிடுவதே காரணம். துளையைக் குறைத்தால் இது மறையும். ஆனால், அதே வேளையில் இதழ்கள் உள்ளே வந்துவிடும். ஒன்றைத் தவிர்க்கப் போனால் மற்றொன்று!

இன்னொன்று, வட்டத்துக்குள் ஒளி பரவியிருக்கும் முறை. லென்சின் கோளப் பிறழ்ச்சியைத் திருத்தும்போது திருத்தம் அளவு மீறினால், பின்னணி வட்டங்களின் ஓரம் வளையம்போல் பளிச்சிடும்; எத்தனை இதழ்கள் வைத்தாலும் இது போகாது. 1999-இல் மினோல்டா நிறுவனம் வெளியிட்ட 135 மி.மீ. எஸ்.டி.எஃப். லென்சில் இதற்கு வேறு வழி செய்தார்கள். நடுவில் தெளிவாகவும் ஓரம் போகப்போகக் கருமையாகவும் உள்ள ஒரு கண்ணாடியை உள்ளே வைத்தார்கள். முத்திரையின் ஓரம் மெல்ல மறைந்து, விளக்குகள் பனித்துளிபோல் கரைந்தன. ஆனால், எஃப் 2.8 துளையுள்ள அந்த லென்ஸ், வெளிச்சத்தைப் பொறுத்தவரை 4.5 என்ற அளவுக்கே வேலை செய்தது. அழகுக்கு விலையாக ஒளியைக் கொடுக்க வேண்டியிருந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

மேற்சொன்ன நாணய விதியைச் சோதிக்க ஒரு செல்பேசியே போதும். இரவில், குறைந்தது நூறு மீட்டர் தூரத்தில் எரியும் ஒரு சிறிய விளக்கைத் தேர்ந்தெடுங்கள். செல்பேசிக்கு ஓரடி முன்னால் மில்லிமீட்டர் கோடுகள் உள்ள அளவுகோல் ஒன்றை நண்பர் பிடித்திருக்கட்டும். அதன்மேல் சிறிது வெளிச்சமும் வேண்டும். அளவுகோலின் கோடுகள் தெளிவாகத் தெரியும்படி வைத்து, விளக்கு அதன் ஓரத்தை ஒட்டித் தெரியுமாறு படமெடுங்கள். பின்னணியைச் செயற்கையாக மங்கச் செய்யும் வசதியை நிறுத்திவைக்க மறவாதீர்கள். படத்தில் மங்கிய விளக்கு எத்தனை மில்லிமீட்டர் கோடுகளுக்குச் சமமாக இருக்கிறதோ, அதுவே உங்கள் செல்பேசி லென்சின் துளையின் விட்டம்! பெரும்பாலும் மூன்று, நான்கு மி.மீ. இருக்கும்.

செல்பேசியில் முகத்துக்குப் பின்னால் பெரிய மங்கல் இயல்பாக ஏன் விழுவதில்லை என்பது இப்போது விளங்கும். நான்கு மி.மீ. துளையால் கன்னத்தருகே நான்கு மி.மீ. வட்டங்களைத்தான் வரைய முடியும். செல்பேசிகள் காட்டும் பெரிய மங்கல் கணிப்பொறி கணக்கிட்டுப் பூசுவது.

துளை மாற்றத்தக்க காமிரா உள்ளவர்கள் இன்னொன்றும் செய்யலாம். கறுப்பு அட்டையில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒரு நட்சத்திரமோ முக்கோணமோ வெட்டி, முழுதும் திறந்த 50 மி.மீ. லென்சின் முன்னால் பொருத்துங்கள். தொலைவிலுள்ள விளக்குகள் எல்லாம் அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும்.

இனி, கடைக்காரர் சொன்ன ஒன்பது இதழ்களுக்கு வருவோம். இதழ்களை எண்ணுவது தவறில்லை; ஆனால், எண்ணிக்கையைவிட விளிம்பின் வளைவையும், எந்த அளவுவரை துளை வட்டமாக நிற்கிறது என்பதையும் பார்ப்பது மேல். வாங்கும் முன் லென்சை எஃப் 2.8-இலும் 4-இலும் வைத்து, தொலைவிலுள்ள ஒரு விளக்கைப் பின்னணியில் விட்டு இரண்டு படங்கள் எடுத்துப் பார்த்தால் போதும். அந்த லென்சின் குணம் தெரிந்துவிடும். கையில் இருப்பது ஐந்து இதழ்கள் கொண்ட பழைய லென்சா? கவலை வேண்டாம். முழுதும் திறந்து வைத்தால், அதன் வட்டத்துக்கும் விலை உயர்ந்த லென்சின் வட்டத்துக்கும் இதழ்களால் எந்த வேறுபாடும் வருவதில்லை. தெளிவு சற்று ஆழமாக விழ வேண்டியபோது, விளக்குகள் இல்லாத பின்னணியாகப் பார்த்துக் குழந்தையை நிறுத்துங்கள். அந்த ஐந்து மூலைகள் அங்கே இருந்தும் கண்ணில் படமாட்டா.